உப்புப் பாறையில் வெற்றி விழா

நாவல்காட்டு மான்கள் எல்லாம் ஒரே உப்புப் பாறையைத்தான் நக்கும். முதலில் தலைவன் விரிகொம்பன் நக்குவான். அவன் நாக்குப் பட்ட இடத்தில்தான் மற்ற மான்களும் நக்க வேண்டும். அதுதான் மரியாதை!

ஒருமுறை காட்டில் கோமாரி நோய் பரவியது. வாயிலும் குளம்பிலும் புண். ஐந்து குட்டிகள் இறந்தன. விரிகொம்பனும் நோயில் படுத்தான். பயந்துபோய், "அமாவாசை வரை யாரும் பாறைப் பக்கம் போகக்கூடாது! தனித்தனியே மேயுங்கள்!" என்று கட்டளையிட்டான்.

புள்ளியாள் என்ற பெண்மானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் குட்டி பிறந்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு வாரம் போயிற்று. புதிதாக எந்த மானும் நோயில் விழவில்லை.

"நோய் ஒழிந்தது! நாளைக் காலை பாறையில் வெற்றி விழா!" என்றான் விரிகொம்பன்.

"உங்கள் கொம்பைப் பார்த்தே ஓடியிருக்கும் தலைவரே!" என்றது புதரிலிருந்து எட்டிப் பார்த்த நரி. நொண்டும் மானைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பது அதற்குத் தெரியும்.

புள்ளியாள் குட்டியைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நாம் விலகி நின்றதால்தானே நோய் நின்றது? அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறதே! உங்கள் வாய்ப்புண்கூட ஆறவில்லையே!"

"இது தலைவனின் புண்! யாருக்கும் ஒட்டாது!"

"இவள் ஒருத்திதான் அதிசயமாகக் குட்டி போட்டிருக்கிறாள்! போடி பயந்தாங்கொள்ளி!" என்று மற்ற பெண்மான்கள் சிரித்தன.

புள்ளியாள் குட்டியை அழைத்துக்கொண்டு ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டாள்.

விழா தடபுடலாக நடந்தது. நோயை விரட்டிய தன் வீரத்தை விரிகொம்பன் வெயில் ஏறும்வரை பேசினான். பிறகு பாறையை நக்கினான். அதே இடத்தில் நாற்பது மான்கள் மரியாதையோடு நக்கின.

ஐந்தே நாளில் நாற்பது வாயிலும் புண். நரிக்குத் தொப்பை விழுந்தது.

நோய் முற்றிய விரிகொம்பன் நொண்டிக்கொண்டே ஓடைக்கரைக்கு வந்தான்.

"விலகி நிற்கச் சொன்னாயே, பார்த்தாயா அதன் லட்சணத்தை? ஒரு வாரம் விலகி நின்றும் நோய் வந்துவிட்டது! நகரு, நான் அங்கே வருகிறேன்."

"அங்கேயே நில்லுங்கள்!" என்றாள் புள்ளியாள், குட்டியை மறைத்து நின்றபடி.

"நான் தலைவன்!"

"அது நோய்க்குத் தெரியாது!"

ஓடையைத் தாண்ட அவனுக்குத் தெம்பில்லை. பின்னால் புதர் அசைந்தது.

"வாருங்கள் தலைவரே, நான் துணைக்கு வருகிறேன்!" என்றது நரி, மிகுந்த மரியாதையோடு.

கரை தடுத்து நிறுத்திய வெள்ளத்தை, வெள்ளமே இல்லை என்று எண்ணிக் கரையை வெட்டுபவன், ஊரோடு சேர்ந்து தானும் மூழ்குவான்.