கணவாயைக் கடந்த கடப்பாரைகள்

“அம்மையே, ஓலையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. அரிசி, மருந்து, துணி. வந்திருப்பவனோ நான்காவதாக ஒன்றைக் கேட்கிறான். நான் என்ன செய்வது?”

இவ்வாறு கேட்டவர் ஆனையப்பர். இரட்டைமலைக் கணவாயின் சுங்க அதிகாரி. வயது அறுபது.

கேட்கப்பட்டவர் அருளாயி அம்மை. கணவாயின் வாயிலருகே வழிப்போக்கருக்குக் கஞ்சி வார்த்து வந்தார். அதிகாரியைவிட இருபது வயது இளையவர். ஆயினும் அதிகாரி அவரையே தம் குருவாக ஏற்றிருந்தார்.

கணவாய்க்கு அப்பால் மாறநாடு. அதன் அரசன் அண்டை ஊர்களை வேல்முனையில் கவர்ந்தான். அதன்பொருட்டு இந்நாட்டு அரசர் மூன்றாண்டுகளுக்கு முன் மாறநாட்டோடு வணிகத்தைத் தடை செய்தார். இரும்பு போகலாகாது என்பதே அத்தடையின் உயிர்நிலை. இரும்பு இல்லையேல் வேல் இல்லை.

முந்தைய நாள் விடியலில் மாறநாட்டில் நிலம் நடுங்கியது. வீடுகள் சரிந்தன. அரசர் இரங்கினார். மூன்று பொருள்களுக்கு மட்டும், முப்பது நாளைக்கு மட்டும், தடையிலிருந்து விலக்கு அளித்து ஓலை விடுத்தார்.

“நான்காவது பொருள் என்ன?” என்றார் அம்மை.

“கடப்பாரை.”

“கேட்பவர் யார்?”

ஆனையப்பர் வாயிலைக் காட்டினார். தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூள் படிந்த ஒருவன் நின்றிருந்தான். மாறநாட்டுத் தச்சன், பெயர் மாடக்கண்ணு.

“வா, அப்பா. முதலில் கஞ்சி குடி.”

“கஞ்சி இறங்காது தாயே. என் தங்கை சுவருக்கு அடியில் கிடக்கிறாள். குரல் கேட்கிறது. எங்கள் தெருவில் மொத்தம் எட்டுக் குரல் கேட்கிறது. வெறுங்கையால் எத்தனை கல்லைப் புரட்டுவோம்?”

அவன் கைகளை விரித்தான். மூன்று விரல்களில் நகம் இல்லை.

“உங்கள் ஊரில் கடப்பாரை கிடையாதா?”

“இருந்தது. எல்லாவற்றையும் எங்கள் ராசா உருக்கி வேலாக்கிவிட்டார்.”

“கேட்டீர்களா அம்மையே!” என்றார் ஆனையப்பர். “நான் கொடுப்பதையும் அந்த அரசன் உருக்கத்தான் போகிறான்.”

“உருக்குவார் ஐயா. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கை அரிசி கேட்டு அலறவில்லை.”

ஆனையப்பர் அம்மையின் பக்கம் திரும்பினார்.

“ஓலையை மீறினால் என் தலை போகும். போகட்டும், நரைத்த தலைதானே!” என்றார் ஆனையப்பர். “மறுத்தால் இவன் தங்கை சாவாள். கொடுத்தால், அந்த இரும்பு நாளை வேறு எவனுடைய தங்கையையோ குத்தும். எனக்கு வழி சொல்லுங்கள்.”

அம்மை வழி சொல்லவில்லை. எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பாதை செப்பனிடுவதற்கெனச் சுங்கச் சாவடியில் சாத்தியிருந்த கடப்பாரைகளுள் ஒன்றை எடுத்து வந்தார்.

ஒரு முனையை மாடக்கண்ணுவின் கையில் கொடுத்தார். மறுமுனையை ஆனையப்பரின் கையில் வைத்தார்.

பிறகு போய் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றனர்.

“அம்மையே, எவ்வளவு நேரம் இப்படியே நிற்பது?”

“இரும்பு உம் கையில் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அவன் நடந்தால்?”

“நானும் நடக்க வேண்டும்.”

“பின் ஏன் நிற்கிறீர், சுங்கத்தாரே? முழங்கால் வலியா?”

ஆனையப்பர் சாவடிக் காவலர் பதினொருவரை அழைத்தார். ஆளுக்கொரு கடப்பாரை. உறங்கும்போதும் கையை விட்டு அகலலாகாது என்பது கட்டளை. ‘பன்னிரண்டு கடப்பாரைகள் பன்னிரண்டு ஆட்களோடு செல்கின்றன, அவர்களோடே திரும்பும்’ என ஏட்டில் எழுதினார். அரசருக்கும் அவ்வாறே எழுதி அனுப்பினார்.

ஆறாம் நாள் திரும்பினார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நெடுஞ்சாண்கிடையாக அம்மையின் காலில் விழுந்தார்.

“தங்கை?”

“பிழைத்தாள். கால் ஒடிந்திருக்கிறது, வாய் ஒடியவில்லை. கல்லை நீக்கியதும், ‘இதற்கு இத்தனை நேரமா?’ என்று அண்ணனைத் திட்டினாள்.”

அம்மை வாய்விட்டுச் சிரித்தார்.

“மற்றவர்கள்?”

“அவளோடு சேர்த்து ஆறு பேர் பிழைத்தார்கள். எட்டில் ஆறு.”

இருவரும் தலை குனிந்திருந்தனர்.

“அம்மையே, மூன்றாண்டாக அந்த ஊராரை இந்த வாயிலில் திருப்பி அனுப்பியவன் நான். என்னை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாம் அனுப்பிய அரிசியில் முதல் உலையை எங்களுக்கென்றே வைத்தார்கள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஒருத்தி என் கைப் புண்ணுக்கு எண்ணெய் தடவிவிட்டு, அந்தக் கையையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் என்ன செய்வேன்? அழுதேன். புறப்படும்போது ஒரு கூடை அத்திப்பழம் தந்தார்கள்.”

“எனக்கு எங்கே?”

“தடை இருக்கிறதே அம்மையே! அந்நாட்டுப் பொருள் உள்ளே வரலாமா? எல்லைக் கல்லருகே உட்கார்ந்து பன்னிருவரும் தின்று தீர்த்தோம்.”

“கூடை?”

“திருப்பி அனுப்பிவிட்டேன்.”

“குருவுக்கு ஒரு பழம் இல்லை. நல்ல சீடர்!”

ஆனையப்பர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

“ஒரு பிழை செய்துவிட்டேன். திரும்பியவை பதினொன்று.”

“திருடினார்களா?”

“இல்லை. நானே விட்டு வந்தேன். மாடக்கண்ணு வீட்டில் ஓர் அறைதான் மிஞ்சியது. அதன் உத்தரமும் முறிந்திருக்கிறது. என் கடப்பாரையை முட்டுக் கொடுத்தோம். அதன் கீழேதான் அவன் தங்கை கிடக்கிறாள். அவளை அசைக்கலாகாது என்பது வைத்தியர் சொல். மாற்று மரம் அறுக்கலாம் என்றால் ரம்பமும் வேலாகிவிட்டது.”

“கடப்பாரையை எடுக்க வேண்டாம் என்றானா மாடக்கண்ணு?”

“அப்படிச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். ‘எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, பேச்சு பேச்சுதான்’ என்றான். கை வைத்தேன். மேலிருந்து மண் உதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டேன்.”

அம்மை சாவடி ஏட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தார்.

“அரசருக்கு எழுத வேண்டும். ஒன்று திரும்பவில்லை என்று எழுதுவேன். மறைக்க மாட்டேன். ஆனால் கால எல்லையில்லாத விலக்கை அவர் ஏற்க மாட்டார். என்று திரும்பும் எனக் கேட்பார். முப்பதாம் நாள் என்று எழுதவா? அறுபதாம் நாள் என்று எழுதவா?”

அம்மை ஏட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அவள் நடக்கும் நாள் என்று எழுதும்.”