நானூறு பேர் பார்த்த கடை

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோதண்டபாணிக்குத் தான் சொன்னதே சட்டம். அங்கே புடவை விரித்துக் காட்டும் அல்லி, தினமும் சாப்பாட்டு வேளையில் தான் தைத்த துணித் தோடுகளைப் படம் பிடித்து இணையத்தில் விற்பனைக்குப் போடுவாள். மூன்று மாதமாகியும் ஒன்றும் விற்கவில்லை. அவளும் ஒருநாள்கூடப் படம் போடத் தவறவில்லை.

விஷயம் முதலாளியின் காதுக்கு எட்டியது. எல்லார் முன்னிலையிலும் அவளைக் கூப்பிட்டார்.

“உன் கடையை எத்தனை பேர் பார்த்தாங்க?”

“நானூறு பேருங்க.”

“எத்தனை பேர் வாங்கினாங்க?”

“இன்னும் இல்லீங்க.”

“பார்த்துட்டுச் சும்மா போனா அது கடையா? இன்னைக்கே மூடு. இல்லேன்னா இந்த வேலையை விடு!”

“மூடிடறேனுங்க. காலையில ஒரு அம்மாவுக்கு நாற்பத்திரண்டு புடவை விரிச்சேன். ஒண்ணுகூட எடுக்கலை. நீங்க மோர் கொடுத்து, ‘அவசியம் மறுபடி வாங்க’ன்னு வாசல் வரைக்கும் போய் அனுப்பிவச்சீங்க. நம்ம கடையை எப்ப மூடலாமுங்க?”

முதலாளி புடவை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“என் கடையில திரும்ப மடிச்சு வைக்கிற வேலைகூட இல்லீங்க” என்றாள் அல்லி.

கடையே சிரித்தது. முதலாளியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“போ, போய் இன்னைக்குப் படத்தைப் போடு. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு சாயங்காலம் எனக்கும் சொல்லு!”