மேற்குச் சுவரில் உரசிய குதிரை

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ஊரே மூக்கைச் சிந்திய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். ஒரே மகள் செண்பகவல்லியை மேற்குத் தேசத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் விட்டுப்போன முத்தழகி என்ற குதிரையைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக் கிடந்தார். போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றால், வம்சத்து வழக்கம் குறுக்கே நின்றது: பேரப்பிள்ளை பிறக்கும்வரை தகப்பன் மகள் வீட்டில் கை நனைக்கக்கூடாது. சாப்பிடாமல் திரும்பினாலோ சம்பந்திக்கு அவமானம். அதனால் போகவே இல்லை, பாவம்.

குதிரையும் இளைத்துக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் பானையாக உப்பிற்று. ஓயாமல் மேற்குச் சுவரில் போய் உரசிக்கொண்டு நின்றது.

"மேற்கே போன இளவரசியை நினைத்து உருகுகிறது, பிரபு! வெல்லம் கொடுங்கள்," என்றார் அரண்மனை வைத்தியர் சிங்கார பண்டிதர்.

ராஜா தேம்பி அழுதார். "என் மகள் வெல்லம் ஊட்டி வளர்த்த குதிரை. இதன் நாக்கில் கசப்பு பட்டால், கொடுத்தவன் தலை இருக்காது!" என்று உத்தரவும் போட்டார்.

விகடகவி நல்லபெருமாள் லாயத்துக்குப் போய், குதிரை போட்ட லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. நேரே சபைக்கு வந்தான்.

"மன்னா, ஏங்குகிறவர்கள் அந்தத் திசைக்கு முகத்தைத்தானே திருப்புவார்கள்? இது பின்பக்கத்தை அல்லவா திருப்புகிறது! வயிற்றில் பூச்சி. அரிப்புத் தாங்காமல், சொரசொரப்பான அந்தச் சுவரில் வாலைத் தேய்க்கிறது. விட்டால் செத்துப்போகும்."

பண்டிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியானால் இவனே குணப்படுத்தட்டும், பிரபு. ஆனால் நாக்கில் கசப்பு படக்கூடாது. உத்தரவு உத்தரவுதான்!"

பூச்சி மருந்து கசக்காமல் இருக்குமா? ஆள் தொலைந்தான் என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

நல்லபெருமாள் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கரைத்தான். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயில் ஊற்றி, குதிரையின் தலையைத் தூக்கி, நாக்கைத் தாண்டி நேராகத் தொண்டைக்குள் இறக்கிவிட்டான்.

"ஐயோ, கசப்பு! கசப்பு!" என்று கத்தினார் பண்டிதர்.

"தொண்டையில் பட்டது மெய்தான். நாக்கில் பட்டதா என்று முத்தழகியையே கேளுங்கள்," என்றான் நல்லபெருமாள்.

கொத்துக் கொத்தாகப் பூச்சி விழுந்தது. கொஞ்ச நாளில் குதிரை கொள்ளு கேட்டுக் கனைத்தது. மேற்குச் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ராஜாவின் முகம்தான் வாடிப்போயிற்று. "அப்படியென்றால் இது என் மகளை நினைக்கவே இல்லையா, நல்லபெருமாள்? இந்த அரண்மனையில் நான் ஒருத்தன்தான் ஏங்கினேனா?"

விகடகவிக்கே சிரிப்பு வரவில்லை. "குதிரைக்கு மருந்து கொடுத்தாயிற்று. தங்கள் மருந்து மேற்கே இருக்கிறது. ஏறுங்கள், மன்னா."

"கை நனைக்கக்கூடாதே, அப்பா!"

"கைதானே நனையக்கூடாது? இளவரசி ஊட்டிவிடட்டும்."

ராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு லாயமே அதிரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நல்லபெருமாளுக்குப் போட்டுவிட்டு, முத்தழகிமேல் தாவி ஏறினார். மருந்துக் குழாயைக் கழுவிவைக்கும் வேலை பண்டிதருக்குப் போயிற்று.

மகள் வீட்டில் ராஜா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார். செண்பகவல்லி சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினாள்.

"இப்படி இளைத்துப்போயிருக்கிறீர்களே அப்பா, என்ன செய்தது உங்களுக்கு?"

"வயிற்றில் பூச்சி, அம்மா," என்று சொல்லிவிட்டு, ராஜா அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தார்.