சாகசச் சக்கரங்கள் திம்பம் ஏறிய கதை

கோபிச்செட்டிபாளையத்தில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் ஊர் இந்த நாலு பேரையும் வைத்துக்கொண்டிருந்தது.

அரிசி ஆலை சென்னியப்பன் மூத்தவர். துண்டுக்கடை அவிநாசியப்பனும் உரக்கடை நல்லசிவமும் அவருக்கு அடுத்தவர்கள். வாழைத்தார் வியாபாரம் பார்க்கும் பூவேந்திரன் இளையவன், கல்யாணம் ஆகாதவன். நாலு பேரும் ஒரே நாளில், ஒரே மாதிரியான நாலு அட்வெஞ்சர் பைக் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் எருமை உயரம். ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. "காடு, மலை, பாலைவனம், ஆறு, எதிலயும் போகும்" என்று விற்றவர் சொன்னார். அவர்கள் அதில் பால் வாங்கப் போனார்கள்.

'கோபி சாகசச் சக்கரங்கள்' என்று சங்கமும் வைத்தார்கள். சென்னியப்பன்தான் தலைவர். வண்டியோடு வந்த கையேட்டை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற பொறுமை அவருக்குத்தான் இருந்தது. அவர் படிப்பார். மற்றவர்கள் கைகட்டிக் கேட்பார்கள். பிறகு அதன்படியே நடப்பார்கள். அப்படி நடக்கும்போதுதான் வம்பெல்லாம் வந்தது.

"எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயில் அளவைப் பார்க்கக் கூடாது" என்று ஒருநாள் படித்தார் சென்னியப்பன். அப்போதுதான் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்.

"ஐயையோ, திரும்பிக்கங்க!" என்று கத்தினார் நல்லசிவம். நாலு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவிநாசியப்பன் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்ணா, நாம பாக்காம இருந்துக்குவோம். ரோட்டுல போறவங்க பாத்துட்டா?"

நியாயமான கேள்வி. எஞ்சின் பக்கவாட்டில், ஆயில் தெரிகிற சின்னக் கண்ணாடி எல்லோர் கண்ணுக்கும் படுகிற மாதிரித்தான் இருக்கிறது. அவிநாசியப்பன் கடைக்கு ஓடிப்போய் நாலு துண்டு கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டிவிட்டார். சற்று நேரத்தில் கருகுகிற வாசம் வந்தது.

"துண்டு புகையுதுங்ணா."

"அப்ப ஆயில் இன்னும் சூடாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் சென்னியப்பன். "இன்னொரு துண்டு கொண்டா."

அடுத்த வாரம் செயின் பக்கம் வந்தது. செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்று போட்டிருந்தது. நல்லசிவம் கழுத்தில் கிடந்த ஐந்து பவுன் செயினைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் செய்தார். ஆனாலும் அவர் வண்டியின் பின்சக்கரத்தில் கறமுற என்று ஒரு சத்தம் நிற்கவே இல்லை.

"செயினு பளபளன்னுதான் இருக்குது. சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியலையே" என்று கவலைப்பட்டார்.

"வீட்டுல தங்கச்சி போட்டிருக்கறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மனைவி செயினுக்கும் எண்ணெய் விழுந்தது. அந்தம்மாள் அடுத்த பஸ்ஸில் பெருந்துறைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சத்தமும் அவரோடு போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். போகவில்லை.

இதெல்லாம் பராமரிப்பு. வண்டியை மாற்றியமைத்தது தனிக் கதை.

ஈரோட்டில் ஒரு கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் போடுகிற இரும்புக் கம்பியைக் காட்டி, "இதைப் போட்டா வண்டி விழுந்தாலும் ஒரு கீறல் விழாதுங்க" என்றார். நாலு பேரும் போட்டுக்கொண்டு வந்தார்கள். சொன்ன சொல் உண்மைதானா என்று பார்க்க வேண்டுமே? அரிசி ஆலைக் களத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தள்ளி விட்டார்கள். வண்டியில் ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் நல்லவர்.

ஆனால் கம்பியில் கீறல் விழுந்திருந்தது.

"பாவம், வண்டிக்காக அது அடி வாங்குது. அதுக்கு யாரு இருக்கா?" என்றார் அவிநாசியப்பன், கம்பியைத் தடவிக்கொண்டே.

கம்பிக்குக் கம்பி போட்டார்கள். தள்ளிப் பார்த்தார்கள். வெளிக்கம்பியில் கீறல். அதற்கும் ஒன்று போட்டார்கள். இப்படியே போய், ஒருநாள் காலையில் வண்டியை வெளியே எடுக்கப் பார்த்தால் ஆலையின் வாசல் கதவு அகலம் போதவில்லை.

கூட்டம் போட்டுப் பேசினார்கள். கம்பியைக் கழற்றுவதா, சுவரை இடிப்பதா? கம்பி புதிது, சுவர் பழையது என்பதால் சுவரை இடித்தார்கள். இடித்த பிறகு ஆலைக்குப் பாதுகாப்பு இல்லையே என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. மிச்சமிருந்த கம்பிகளை அந்த இடைவெளியில் நட்டு, சிமெண்டு பூசி, கெட்டியாக அடைத்தார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிகள் உள்ளேதான் நின்றன.

அந்த நேரத்தில்தான் பூவேந்திரனுக்கு ஒரு வரன் அமைந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டு வீட்டாரும் பூவேந்திரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கூட வந்த மூன்று பேரைப் பற்றித்தான் விசாரித்தார்கள். இப்போது தாளவாடியில் முட்டைக்கோசு விவசாயம் செய்யும் காளியண்ணன் மகள் கோமளவல்லி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பூவேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

நிச்சயத்தன்று அவன் வீட்டார் வேனில் முன்னால் கிளம்பினார்கள். வேனில் இடம் போதாததால், உப்புச் சக்கரையும் பழமும் பைக்கில் வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இரு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம் நிச்சயமாகும்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்து சேர்ந்துருங்க சாமீ" என்றார் பூவேந்திரனின் அம்மா, கண் கலங்க. "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

சென்னியப்பன் கையேட்டைத் திறந்தார். வண்டியின் பின்னால் இருக்கிற இரண்டு பெட்டிகளிலும் எடை சமமாக இருக்க வேண்டும். உப்பும் வாழைப்பழமும் இடது பெட்டியில், சக்கரையும் மற்ற பழங்களும் வலது பெட்டியில். தராசில் நிறுத்துத்தான் வைத்தார்கள். எல்லாம் சரி என்று பூவேந்திரன் வண்டியில் ஏறியபோது நல்லசிவம் தடுத்தார்.

"தம்பி இடது கையில வாட்ச் கட்டியிருக்குது."

எல்லோரும் வாட்சைப் பார்த்தார்கள். கழற்றிவிடலாம் என்றால், மாப்பிள்ளை வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. கடைசியில் அவிநாசியப்பன் தன் வாட்சைக் கழற்றி அவன் வலது கையில் கட்டினார். அது கொஞ்சம் கனம் குறைவு என்பதால், வலது சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் போட்டார்கள். இடித்த சுவரில் நட்ட கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒருவழியாகக் கிளம்பினார்கள்.

சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, திம்பம் மலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 'ஒலி எழுப்பவும்' என்று பலகை.

"ஹாரன் அடிக்கச் சொல்லலை, கவனிச்சீங்களா?" என்றார் சென்னியப்பன். "நம்மளைத்தான் எழுப்பச் சொல்றாங்க."

ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கி, நாலு பேரும் "ஓ!" என்று ஒலி எழுப்பிவிட்டு ஏறினார்கள். மலை உச்சிக்கு வரும்போது நல்லசிவத்துக்குத் தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. நல்ல நேரமும் பாதி போயிருந்தது. பூவேந்திரன் இரண்டு வாட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டான்.

ஆசனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இரண்டு பக்கமும் காடு. அங்கே ஒரு மஞ்சள் பலகை: 'யானைகள் கடக்கும் இடம்'.

சென்னியப்பன் கையைத் தூக்கினார். நாலு வண்டிகளும் நின்றன.

"என்னங்ணா?"

"படிச்சுப் பாரு. யானைகள் கடக்கும் இடம். நாம கடக்கற இடம்னு போடலை."

"அப்ப நாம எப்பக் கடக்கறது?"

"முதல்ல அது கடக்கட்டும். வரிசைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

எஞ்சினை அணைத்தார்கள். பஸ்ஸும் காய்கறி லாரியும் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. "படிக்காத சனங்க" என்று வருத்தப்பட்டார் அவிநாசியப்பன். யானை மட்டும் வரவில்லை. பூவேந்திரனுக்கு அழுகை முட்டியது. அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. போட்டோவும் ஞாபகம் வந்தது.

"அண்ணா, நல்ல நேரம் முடியப்போகுதுங்ணா. போயிரலாமுங்ணா."

"தம்பி, சாகசப் பயணம்னா சும்மாவா?" என்றார் சென்னியப்பன்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. மாப்பிள்ளை வண்டியைத் தேடிக் காளியண்ணனே வந்துவிட்டார். பக்கத்தில் பட்டுப்புடவையில் கோமளவல்லி. வழியில் நாலு வண்டிகள் நிற்பதைப் பார்த்து அவரும் தூரத்திலேயே நிறுத்தினார்.

"மாப்பிள்ளே! வண்டி ரிப்பேருங்களா?" என்று கத்தினார்.

"இல்லீங் மாமா! பலகையைப் பாருங்க!"

அந்தப் பக்கமும் ஒரு பலகை இருந்தது. காளியண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில்தான் போய் வருகிறார், அன்றைக்குத்தான் படிக்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அட சாமீ! இத்தனை வருசமா அதுக்கு முந்தி நான் கடந்துட்டிருந்திருக்கறனே! பாத்தயா அம்மிணி, படிச்ச மாப்பிள்ளைன்னா இதுதான்" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஜீப்பை அணைத்தார்.

இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் இருவர். நடுவில் காலி ரோடு. பூவேந்திரன் முதன்முதலாக அவளை நேரில் பார்த்தான். அவள் சிரித்த மாதிரி இருந்தது.

பிறகு புதர் அசைந்தது. நிஜமாகவே ஒரு யானை வந்தது. பெரிய பெண் யானை. அது ரோட்டைக் கடக்கவில்லை. உப்பு வாசம் பிடித்து நேரே பூவேந்திரன் வண்டிக்கு வந்தது. நாலு பேரும் பாறைக்குப் பின்னால் போனார்கள். யானை இடது பெட்டியை முறுக்கித் திறந்து, உப்பையும் வாழைப்பழத்தையும் நிதானமாகச் சாப்பிட்டது.

"எடை போச்சு!" என்று பதறினார் அவிநாசியப்பன். "அந்தப் பக்கத்தையும் தின்னச் சொல்லுங்ணா, வண்டி சாஞ்சுரும்!"

சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. யானை வலது பெட்டியையும் திறந்து சக்கரையை முடித்தது. பிறகு மெல்ல நடந்து, ரோட்டைக் கடந்து, எதிர்க்காட்டுக்குள் போய்விட்டது.

"உப்பும் போச்சு, சக்கரையும் போச்சு. நிச்சயம் போச்சு!" என்று ரோட்டில் உட்கார்ந்தான் பூவேந்திரன்.

"எந்திரி தம்பி" என்றார் சென்னியப்பன். "உப்பும் சக்கரையும் மாறணும், அவ்வளவுதானே? பெட்டியில இருந்தது யானை வயித்துக்கு மாறியாச்சு. அதுவும் நல்ல நேரத்துக்குள்ள."

எதிர்ப்பக்கம் காளியண்ணனுக்கும் அது சரியாகப் பட்டது. "நிச்சயம் ஆச்சுங்க, மாப்பிள்ளே!" என்று கூவினார். நல்லசிவம் காற்றாலேயே குலவை போட்டார். எல்லோரும் சந்தோஷமாக வண்டிகளைக் கிளப்பினார்கள்.

"இருங்கப்பா!" என்று ஒரு குரல் கேட்டது.

கோமளவல்லி ஜீப்பிலிருந்து இறங்கி, பலகையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யானைகள்னு போட்டிருக்குது. ஒண்ணுதானே போச்சு?"

சென்னியப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார். 'கள்' இருந்தது. தலை குனிந்து எஞ்சினை அணைத்தார். மற்ற மூவரும் அணைத்தார்கள். ஜீப்பும் அணைந்தது.

ரோட்டின் அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் அவளையே பூவேந்திரன் பார்த்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதுதான் அவனுக்கு உறுதியானது.