இரண்டாம் அளவு

"அரை விரல்தாம்மா. வெறும் அரை விரல்" என்றான் கருத்தப்பாண்டி.

சடைச்சியம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. குனிந்து ஊதினாள்.

"கண்ணை மூடி உக்காருன்னு சொன்னீங்க, உக்காந்தேன். மூச்சைப் பாருன்னு சொன்னீங்க. மூச்சு எங்க தெரியுது? அந்த அரை விரல்தான் கண்ணு முன்னால வந்து நிக்கி."

"நின்னா நிக்கட்டும். அதுக்கு நான் கஞ்சி ஊத்தணுமா?"

அம்மை எப்போதும் இப்படித்தான். வயதில் அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு இளையவள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. மலையடிவாரத்து ஓடைக்கரையில் இருந்த கல்மண்டபத்துக்கு ஒருநாள் வந்தாள், ஒரு பூசணிக்கொடி போட்டாள், அங்கேயே தங்கிவிட்டாள். சந்தையில் பேரம் பேசுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலில் வருவதும் ஞானம்தான் என்று ஒப்புக்கொள்ளப் பாளையத்து வேட்டைக்காரர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கருத்தப்பாண்டி அவளுக்குச் சீடனாகவே ஆகிவிட்டான். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. மூச்சை நிதானப்படுத்த அவள் சொல்லிக்கொடுத்தாள். கற்ற மூச்சைக் கொண்டுபோய் அவன் வில்லில் வைத்தான். குறி தப்புவது குறைந்தது. அவளுக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தாள்.

அரை விரல் சமாசாரம் இதுதான்.

மழைக்குப் பிந்திய முதல் அமாவாசையில் பாளையமே மிளாமான் வேட்டைக்குப் போகும். அடித்த மிளாவின் கொம்பை அன்று மாலையே கோட்டைவாசலில் வைத்து மெழுகுநூலால் அளப்பார்கள். இரண்டு கொம்பின் நீளம், அடிப்பருமன், நடுவிலுள்ள அகலம் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பிறகு இடக்கொம்புக்கும் வலக்கொம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள். ஆண்டவன் கோணலாகப் படைத்திருந்தால் அதற்கும் வேட்டைக்காரன்தான் பொறுப்பு. யாருடைய கொம்பு பெரிதோ அது ஓராண்டுக்குக் கோட்டைவாசலின் நெற்றியில் தொங்கும். பாளையக்காரரே ஆனாலும் அதற்குக் கீழேதான் குனிந்து போகவேண்டும்.

கருத்தப்பாண்டியின் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவன் கொம்பு ஒருமுறைகூட அங்கே தொங்கியதில்லை. இந்த முறை எல்லாம் கூடிவந்தது. கடைசியில் இடக்கொம்பு காலை வாரிவிட்டது. கழித்துப் பார்த்தால், அவன் மச்சினன் சங்கிலிமாடன் அரை விரல் முன்னால் நிற்கிறான்.

வீட்டில் போய்ச் சொன்னான்.

"புருஷன் கொம்பு தொங்குனா என்ன, தம்பி கொம்பு தொங்குனா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளோடும் சரியான பேச்சு இல்லை.

"இன்னும் முடிஞ்சிரல்லம்மா" என்றான் அம்மையிடம். "பச்சைக் கொம்பு காஞ்சா சுருங்கும்லா? அதனால பௌர்ணமிக்கு மறுபடி அளப்பாங்க. அந்த ரெண்டாம் அளவுதான் செல்லும். மச்சினன் கொம்பு நீர் கோத்த கொம்பு, சுருங்கிரும். என்னுது வயிரம் பாஞ்சது. ஜெயிச்சிருவேன்."

"அப்புறம் என்ன?"

"அதுவரைக்கும் தூங்கணுமே. பேரைக் கூப்பிடும்போது கொம்புக்காரன் நேர்ல நிக்கணும். நிக்கலைன்னா தள்ளிருவாங்க. அதுக்குள்ள எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்போல இருக்கு. தூங்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

அடுப்பு பற்றிக்கொண்டது. அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வேட்டையன்னைக்கு எத்தனை அம்பு விட்டீரு?"

"ரெண்டு."

"ஒரு மிளாவுக்கு ரெண்டு அம்பா? உம்ம குறி அவ்வளவு மோசமா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

"பெருசுக்கு ஒண்ணுதாம்மா. முதல் அம்பு வேற ஒண்ணுக்கு. மூடுபனி பாத்துக்கிடுங்க. புதருக்கு மேல கொம்பு தெரிஞ்சுது. பின்னால ஒரு காஞ்ச கிளை நின்னுருக்கு. அதையும் கொம்போட சேத்துப் பாத்துட்டேன். விட்டேன். துள்ளி எந்திரிச்சப்பதான் தெரிஞ்சுது, கொம்பு ஒரு சாண்கூடத் தேறாது. நேத்து முளைச்ச பய."

"பட்டுதா?"

"தொடையில பட்டுது. நொண்டிக்கிட்டு ஓடிச்சு. அந்தச் சத்தத்துலதான் பெருசு எந்திரிச்சுது. என் அதிர்ஷ்டத்தைப் பாத்தீங்களா?"

"சின்னது என்ன ஆச்சு?"

"அதை எங்க போய்ப் பாக்க? அளவுக்கே வராதது."

அம்மை கஞ்சியை இறக்கிவைத்தாள்.

"அதைக் கொண்டாரும். அப்புறம் தூங்க வழி சொல்லுதேன்."



மறுநாள் காலையிலேயே சின்னக் கொம்பு ஒரு ஜோடியோடு வந்து நின்றான். அவன் வீட்டுப் பரணில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்தது. கழுவி, எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தான். சாமியாரம்மாவுக்குக் கொம்பைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்ற தைரியம்.

அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கொம்பு இருக்கட்டும். அம்பு எங்க?"

ஒவ்வொரு வேட்டைக்காரனின் அம்பிலும் அவனவன் அடையாளம் இருக்கும். கருத்தப்பாண்டியுடையது சிவப்பு நூல். அம்பை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவருகிறவன் அந்தப் பாளையத்திலேயே கிடையாது.

"போயிட்டு வாரும்" என்றாள் அம்மை. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.



காட்டுக்குள் போனவன் முதலில் வானத்தைத்தான் பார்த்தான். கழுகு வட்டமிடும் இடத்துக்குப் போனால் வேலை முடிந்தது. அம்பைப் பிடுங்கிக்கொண்டு, கொம்பை வெட்டிக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடலாம்.

வானம் வெறுமையாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

கோபத்தோடு இறங்கிவந்து மண்டபத்தில் நின்றான்.

"கழுகு வரலம்மா."

"வரலைன்னா?"

"வரலைன்னா… அது சாகல்லன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அவன் உட்காரவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தான்.

ஓடைச் சேற்றில் தடம் கிடைத்தது. மூன்று குளம்பின் பதிவு, நான்காவது இருக்கவேண்டிய இடத்தில் மண்ணை இழுத்த கோடு. அதைப் பிடித்துக்கொண்டு போனான். மிளா படுத்த இடங்களில் புல் நசுங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றும் தண்ணீருக்குப் பக்கத்தில். முதலில் படுத்த இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மலைச்சரிவே இருந்தது. பிறகு ஒரு கூப்பிடு தூரம். பிறகு அதுவும் இல்லை. படுத்த இடங்கள் வரவர நெருங்கிக்கொண்டே வந்தன.

அவனுக்கு அந்த மிளாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்துத் தொலைத்திருக்கலாம். செத்திருந்தால் இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து பெரிய கொம்பை நிழலில் வைப்பதா வெயிலில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பான். ஆத்திரத்தோடேயே நடந்தான். நடக்க நடக்க, அது யார் மேல் வந்த ஆத்திரம் என்பதில் அவனுக்கே குழப்பம் வந்துவிட்டது.

இரண்டு தரம் தடம் தப்பிப்போய், திரும்ப ஓடைக்கே வந்து, முதலிலிருந்து தொடங்கினான். கையில் கொண்டுபோன அவல் தீர்ந்தது. அரை விரலைப் பற்றிய நினைப்பு வராமல் ஒரு பகல் முழுவதும் போயிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.



பௌர்ணமியன்று காலை, மேட்டின் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டான்.

கீழே கோரைக்காட்டுச் சதுப்பில் கிடந்தது. உடம்பில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தொடையில் சிவப்பு நூல் கட்டிய அம்பு அப்படியே நின்றது.

அப்போதுதான் தூரத்தில் கோட்டைத் தம்பட்டம் கேட்டது. உச்சிப்பொழுதில் அளவு. இப்போது இறங்கினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மேட்டிலிருந்து அம்பு விட முடியாது. தூரம் அதிகம். இறங்கிப் போனால் இடுப்பளவு சேறு. போய்த் திரும்புவதற்குள் கோட்டைவாசலில் எல்லாம் முடிந்திருக்கும்.

அது எப்படியும் சாகப்போகிறதுதான் என்று நினைத்தான். இன்றைக்கோ நாளைக்கோ. நாளைக் காலையில் வந்தால் கொம்பும் கிடைக்கும், அம்பும் கிடைக்கும். அம்மை கேட்டதும் அதைத்தானே? அவள் நாள் ஒன்றும் குறிக்கவில்லையே? இத்தனை நாள் கிடந்தது இன்னும் ஒருநாள் கிடந்தால் என்ன?

யோசித்துப் பார்த்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது. கோட்டைப் பக்கமாக இறங்கத் தொடங்கினான்.

காற்று திரும்பியது. அவன் வாடை கீழே போயிருக்கவேண்டும். கோரை சலசலத்தது.

திரும்பிப் பார்த்தான்.

மிளா எழப் பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றியது. பின்புறம் எழவில்லை. சேற்றில் சரிந்தது. மறுபடி ஊன்றியது. மறுபடி சரிந்தது. நாக்கு வெளியே தொங்கியது, ஆனாலும் விடவில்லை, திரும்பவும் ஊன்றியது. அவனிடமிருந்து தப்பி ஓடத்தான் அத்தனை பாடும். அவன் அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கருத்தப்பாண்டி சதுப்புக்குள் இறங்கினான்.

சேறு காலை விடமாட்டேன் என்றது. கோரை முகத்தைக் கிழித்தது. பாதி தூரம் போவதற்குள் உச்சிப்பொழுதாகித் தம்பட்டம் நின்றுவிட்டது. அளவு தொடங்கிவிட்டது. இந்நேரம் பேரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தபடியே போயிற்று. அடுத்த காலைச் சேற்றிலிருந்து பிடுங்குவது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

பக்கத்தில் போனபோது மிளா எழப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இமைமயிர் வரைக்கும் ஈ.

வில்லை எடுக்கவில்லை. கத்தியை எடுத்தான். மூச்சை அடக்கிப் பார்த்தான். அத்தனை காலம் கற்ற மூச்சு அன்றைக்கு அடங்க மறுத்தது. அந்த அடங்காத மூச்சோடுதான் செய்தான். வேகமாகச் செய்தான். அதன் உடம்பு ஓயும் வரை கழுத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அப்புறம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். வேட்டைக்காரன் ஒரு மிளாவுக்காக அழுதான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் அழுதான், வாய்விட்டே அழுதான்.



பொழுது சாயும் நேரத்தில் மண்டபத்துக்கு வந்தான். அங்கே சங்கிலிமாடன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். அம்மை பூசணிக்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தான் போனீங்க?" சங்கிலிமாடன் பாய்ந்து வந்தான். "மூணு தரம் பேரைக் கூப்பிட்டாச்சு. அக்காதான் உங்க கொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தா. கொம்புக்காரன் இல்லாமச் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா அளந்து பாத்தாங்க, சும்மா பாப்போம்னு."

"ம்."

"உங்களுது ஒரு நூல்கூடச் சுருங்கல்ல அத்தான். என்னுது சுருங்கிட்டு. நீங்க வந்திருந்தா உங்களுதுதான் தொங்கியிருக்கும். இப்ப என்னுதைத் தொங்கவிட்டிருக்காங்க. அதுக்குக் கீழே நடந்துவர எனக்கே கூசுது."

"தொங்கட்டும் மாப்ளே. அதுவும் பெரிய கொம்புதான்."

இதைச் சொன்னது கருத்தப்பாண்டிதானா என்று சங்கிலிமாடன் அவனை உற்றுப்பார்த்தான். முகமெல்லாம் கீறல். மார்பு வரைக்கும் சேறு. அப்புறம்தான் அவன் கையிலிருந்ததைப் பார்த்தான்.

கருத்தப்பாண்டி குனிந்து, சிவப்பு நூல் கட்டிய அம்பையும் ஒரு ஜோடிக் கொம்பையும் அம்மையின் முன்னால் வைத்தான். அம்மை அம்பைப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

சங்கிலிமாடனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லவன்தான், ஆனால் அவனும் வேட்டைக்காரன்.

"இதுக்காகவா அத்தான் கோட்டைவாசலை விட்டீங்க? எங்க வீட்டுக் கிடாவுக்கு இதைவிடப் பெருசா இருக்குமே!" என்று இடுப்பிலிருந்த மெழுகுநூலை உருவி, உட்கார்ந்து, கொம்பின் அடியில் நுனியை வைத்தான்.

கருத்தப்பாண்டி நூலைப் பிடித்துக்கொண்டான்.

"அது எட்டாது மாப்ளே."

"எட்டாதா? ஒரு சாண் கொம்புக்கா? பின்ன இது எம்புட்டுன்னு நீங்களே சொல்லுங்க."

"அமாவாசையில இருந்து பௌர்ணமி வரைக்கும்" என்றான் கருத்தப்பாண்டி.