கழராத மூட்டு

"அது கழருது, பிள்ளை," என்றார் பரராசா, ஹெல்மெட் வயரைத் தூக்கிக் காட்டி. "எழும்பினாலே கழருது. கழருற மூட்டும் ஒரு மூட்டே?"

நிரூபா தேநீரை ஊதிக் குடித்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. கனடாவின் வடக்கில், உறைந்த ஏரியொன்றின் கரையில், மோட்டார் பனிவண்டிகள் திருத்தும் கொட்டகை வைத்திருந்தாள். அவருக்கு ஐம்பத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் மின்கம்பங்களில் ஏறியவர்.

அவருடைய மனைவி செல்வமலர் அக்கரையில் இருந்தாள். அங்குள்ள சிறிய மருத்துவ நிலையத்தில் தாதி. போய்ப் பதினாறு நாள். இன்று காலைதான் மாற்று ஆள் வந்திருந்தது. பனிக்கட்டி போதிய தடிப்பில்லாததால் ஏரியின் மேல் கார் ஓடும் பாதை இன்னும் திறக்கவில்லை. பனிவண்டியில்தான் கூட்டிவர வேண்டும்.

போன ஞாயிறு நிரூபாவின் வண்டியை இரவல் வாங்கி, கணவாய்க் கறியோடு மனைவியைப் பார்க்கப் புறப்பட்டார். பாதி ஏரியில் மூச்சு ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில் படிந்து உறைந்தது. கண்ணாடியைத் தூக்கினால் காற்று கண்ணைக் குத்தியது. ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தார். கறியும் கல்லாகித் திரும்பி வந்தது.

இப்போது சூடேறும் கண்ணாடி வாங்கியிருந்தார். அதற்கு வண்டியின் பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும்.

"நீங்களே பூட்டுங்கோ, அங்கிள்," என்றிருந்தாள் நிரூபா. "சரியாப் பூட்டினால் வண்டி தருவன்."

சாவி அவளுடைய சட்டைப்பையில் இருந்தது.

அவர் பூட்டினார். பற்றரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தார். எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரச் செய்தார். வயர் புகைக்குழாயில் படாமல், கைபிடி திரும்பும்போது நசியாமல் கொண்டுவந்தார்.

"வடிவான வேலை," என்றாள்.

"பின்னை? ஆரெண்டு நினைச்சாய்?"

ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹெல்மெட்டிலிருந்து வரும் வயரின் நுனியில் ஒரு பிளக். கைபிடி அருகே ஒரு துளை. பிளக்கை அதில் செருகுவதோடு சரி. ஆள் எழுந்தால் அது கழன்றது.

"இதுக்கு நான் வழி பண்ணுறன்," என்றார்.

பிளக்கைச் செருகி, கம்பியால் முறுக்கினார். மேலே கறுப்பு ஒட்டுநாடாவை ஒன்பது சுற்றுச் சுற்றினார்.

"இப்ப இழு பார்ப்பம்."

அவள் இழுத்தாள். வரவில்லை.

"புயல் அடிச்சாலும் வராது. நான் போட்ட மூட்டு ஒண்டும் இண்டைவரைக்கும் கழரேல்லை."

"ஓம். தெரியுது."

"அப்ப சாவி?"

"ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி இருங்கோ."

வண்டி வெளியே, மெத்தையாகப் பெய்திருந்த பனியில் நின்றது. அவள் எஞ்சினை இயக்கினாள். கண்ணாடியில் படிந்திருந்த மூச்சு ஓரங்களிலிருந்து விலகியது.

"ஐயோ, எல்லாம் தெரியுது!" என்று கத்தினார். "அக்கரை தெரியுது! மலர் நிக்கிற கட்டடமே தெரியுது!"

நிரூபா எஞ்சினை நிறுத்தினாள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாள்.

பிறகு இரண்டு கையாலும் அவரைப் பிடித்துத் தள்ளினாள்.

அவர் முழுதாக விழவில்லை. உடல் பனியில் கிடந்தது. ஹெல்மெட் வயர் இழுத்துப் பிடித்ததில் தலை மட்டும் வண்டியோடு தொங்கியது.

"உனக்கென்ன விசரே, பிள்ளை!"

"கழண்டதோ, அங்கிள்?"

"இல்லை!"

"நல்ல மூட்டு."

அவர் கால்களை உதைத்தார். பனி பறந்தது. தலை அப்படியே நின்றது.

"இது நிண்ட வண்டி. ஓடுற வண்டியெண்டால்?" என்றாள் நிரூபா.

அவர் உதைப்பதை நிறுத்தினார்.

பிறகு அவருடைய கை தானாக மேலே போய் மூட்டைத் தடவியது. கையுறையோடு முடியவில்லை. கையுறையை மற்றக் கையால் உருவி எறிந்தார். ஒன்பது சுற்றையும் பிரிக்க, சுற்றியதைவிட அதிக நேரம் எடுத்தது. விரல்கள் சிவந்தன.

அவள் உதவவில்லை. மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

அவர் எழுந்து ஏறி உட்கார்ந்தார். பிளக்கைச் செருகினார். அவ்வளவுதான்.

"தள்ளு," என்றார்.

தள்ளினாள்.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். அவர் பனியில் இரண்டு முறை உருண்டு, மல்லாந்து கிடந்தார். கண்ணாடிக்கு மேலே வானம் முழுக்க நீலமாக இருந்தது.

"அடிபட்டதோ, அங்கிள்?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் சாவியை வண்டியில் செருகினாள்.

"போங்கோ. அன்ரி பார்த்துக்கொண்டு நிப்பா."

அவர் எழுந்தார். மேலிருந்த பனியைத் தட்டவில்லை. ஏறி உட்கார்ந்து, பிளக்கைச் செருகினார்.

"இன்னொருக்காத் தள்ளு, பிள்ளை," என்றார்.