முப்பத்து நாலு கிலோ தாலந்து

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. முதலில் அதை எட்டிப் பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்; எனக்குப் பொறுமை போய் மூன்று வாரமாகிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் பூமி. நான் உளுந்து மண்டி வைத்திருக்கிறேன். சபைக் கமிட்டிக்கும் நான்தான் செயலாளர். போன புரட்டாசியில் எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், இயேசு சொன்ன தாலந்து உவமையைப் பிரசங்கித்தார். வெளியூர் போகிற எசமான் ஒருவன், மூன்று வேலைக்காரரை அழைத்து, அவரவர் சக்தியைப் பார்த்து ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்த கதை. முதல் இருவரும் பெருக்கினார்கள். மூன்றாமவன் பயந்துபோய் மண்ணில் புதைத்து வைத்தான். எசமான் திரும்பி வந்து, அவனிடமிருந்து அதைப் பிடுங்கி முதலாமவனிடம் கொடுத்துவிட்டான்.

"தாலந்துன்னா பாட்டு, பேச்சு மாதிரி திறமைன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம். கிரேக்கர்களுக்கு அது ஒரு எடை. அந்த எடைக்கு வெள்ளி. இடத்துக்கு இடம் கூடும், குறையும். முப்பத்து நாலு கிலோன்னு வச்சுக்குங்க. கூலிக்காரன் இருபது வருஷம் உழைச்சாத்தான் அம்புட்டு வெள்ளியைக் கண்ணால பாக்க முடியும்" என்றார் ஐயர்.

எடை என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்காக மூன்று பேருக்கு, ஆளுக்கு ஒரு தாலந்து எடை உளுந்து கொடுப்போம், மாசியில் பெருக்கிக் கொண்டுவரட்டும் என்று கமிட்டியில் சொன்னேன். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தோம். உவமையில் வருகிற மாதிரி ஏற்ற இறக்கமாகக் கொடுத்தால் எங்கள் ஆட்களின் வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு மூட்டை, சரிசமம் என்று என் தராசில் நானே நிறுத்தேன்.

முதல் மூட்டை தேவசகாயத்துக்கு. நாலு ஏக்கரும் ஊறுகிற கிணறும் உள்ளவர். இரண்டாவது எமிலிக்கு. ஐந்து பெண்களை வைத்து அப்பளம் போடுகிறவள். மூன்றாவது சொர்ணபாய்க்கு. தனியாள், கோயில் மதிலோரம் சபை கொடுத்த இடத்தில் பதின்மூன்று வருஷமாக இட்லிக்கடை. அதுதான் அவளுக்குச் சோறு. அதற்கு முந்தின வாரம்தான் வழுக்கி விழுந்து வலது கை முறிந்திருந்தது.

"அண்ணாச்சி, கட்டுப் பிரிச்சாலும் தைக்கு முன்னால மாவாட்ட முடியாதாம். இம்புட்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ரெண்டு கிலோ குடுங்க, ஆனதைப் பாக்குறேன்" என்றாள்.

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா? ஆராதனையில பேரு வாசிச்சாச்சு" என்று சிடுசிடுத்துவிட்டு, மூட்டையை அவள் வீட்டிலேயே இறக்கச் சொன்னேன்.

மாசி வந்தது. தேவசகாயம் விதைத்து, உழவு, கூலிச் செலவு போக ஐந்து மூட்டை கொண்டுவந்தார். எமிலி அப்பளம் விற்று இரண்டு மூட்டை கொண்டுவந்தாள். சொர்ணபாய் கொண்டுவந்தது அதே ஒரு மூட்டை. ஐப்பசி மழையில் வீடு ஒழுகியபோது பக்கத்து வீட்டாரிடம் மூட்டையைக் கட்டிலில் ஏற்றச் சொல்லிவிட்டு அவள் தரையில் படுத்திருக்கிறாள். வண்டு விழாமல் ஒற்றைக் கையால் தட்டுத் தட்டாக வெயிலில் காயவைத்திருக்கிறாள். காய்ந்து குறைந்த கால் கிலோவைத் தன் வீட்டு உளுந்தால் நிரப்பியிருந்தாள்.

"கெட்டுப்போனா திருப்பித்தர வழியில்லையேன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

தேவசகாயம் விடவில்லை. "புதைச்சவன் கதைதானே இது? உவமைப்படி பாத்தா, அவகிட்ட இருக்கிறதைப் பிடுங்கி, கூடக் கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கணும். மதிலோர இடத்தை என் மகனுக்குக் கொடுங்க. அவன் கடை போடட்டும்" என்றார். கமிட்டி இரண்டாகப் பிளந்து, மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. என் வாக்கு ஒன்றுதான் பாக்கி.

கேட்கிறவர்களே, சொல்லுங்கள்: இதில் உவமையை மீறியது யார்? யாரிடமிருந்து எதைப் பிடுங்க வேண்டும்?

விடை இதுதான். உவமையின் எசமான் முதலில் ஆளின் சக்தியைப் பார்த்தான், பிறகுதான் தாலந்தைக் கொடுத்தான். கேட்ட பிறகும் ஆளைப் பார்க்காமல் மூட்டையை மட்டும் நிறுத்தவன் ஒருவன் உண்டு. இருபத்தாறு வருஷமாகத் தராசு பிடிக்கிற மடையன், நான்தான். ஆகவே பிடுங்க வேண்டியது செயலாளர் நாற்காலியை. மதிலோர இடம் சொர்ணபாய்க்கே என்று வாக்கைப் போட்டுவிட்டு, ராஜினாமாவையும் எழுதி வைத்தேன். வெளியே வந்தால் அவள் நிற்கிறாள். கை கூடிவிட்டதாம், நாளைக்குக் கடை திறக்கிறாளாம். "இப்பவாவது அந்த ரெண்டு கிலோவைக் குடுப்பீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.